சாலம்மாள் போட்ட 'வூ'

சாயங்காலம் ஆறு மணி ஆனா சாலம்மா லேடீஸ் ஹாஸ்டல் படிக்கட்டுல ஏறி நிப்பாங்க. கையில நோட்டு, காதுல பேனா. "மொரப்பூர் மலர்வெழீ"ன்னு ஒரு இழு இழுத்தா, எதுக்க மஞ்சக்காட்டுல களை எடுக்கறவங்க கூட ஒருதரம் நிமுந்து பாப்பாங்க. ஊர்ப் பேரை ஒசக்கத் தூக்கி, ஆளு பேரை எறக்கி, கடைசி எழுத்தை வாயிலயே வெச்சு மெல்லுவாங்க. ஹாஸ்டல்ல ஒரே பேருல நாலஞ்சு புள்ளைங்க இருக்கும்ல, அதனால ஊரைச் சேத்துத்தான் கூப்புடணும். பாப்பாரப்பட்டி பிரியா, ஏரியூர் பிரியா, இன்னொரு ஏரியூர் பிரியா. அந்த மூணாவது பிரியா மூணு வருசமும் "இன்னொரு"ங்கற பட்டத்தோடவே டிகிரி வாங்கிட்டுப் போச்சு.

சாலம்மாவும் ஏரியூர் பக்கம்தான். பதினெட்டுல கல்யாணம். வூட்டுக்காரர் கோவிந்தன் பெங்களூருல கட்டட வேலைக்குப் போயி, சாரம் சரிஞ்சு பொணமாத்தான் வந்தாரு. கையில ஒரு பொம்பளைப் புள்ளையோட, இருபத்தாறு வயசுல, கூட்டிப் பெருக்கற வேலைன்னு வேப்பம்பள்ளம் காலேஜுக்கு வந்தாங்க. அப்புறம் ஹாஸ்டல் ஆயா ஆனாங்க. வந்து இருபத்தெட்டு வருசம் ஆச்சு. பொண்ணைக் கட்டிக் குடுத்தாச்சு, பேரன் எடுத்தாச்சு. ஆனா எங்க போனாலும் சாயங்காலம் ஆறு மணிக்குள்ள ஹாஸ்டலுக்கு வந்துடுவாங்க. அந்தப் படிக்கட்டுதான் அவங்க வூடு.

அப்பல்லாம் அது வேப்பம்பள்ளம் காலேஜுதான். சுத்துப்பட்டு விவசாயிங்க ஆளுக்குக் கொஞ்சம் நெலம் விட்டு, சிமெண்ட் ஷீட் போட்டு, எண்பது பொம்பளைப் புள்ளைங்களோட ஆரம்பிச்சது. பிரின்சிபால் தமிழ்மணி அய்யா. பேசுனா மூக்கால பேசுவாரு, சளி புடிச்ச வானொலி மாதிரி. அவரு போட்ட ஒரு வழக்கம்தான் இந்தக் கதைக்கே ஆணிவேரு.

அறுப்பு வந்துட்டா மலைப் புள்ளைங்க சொல்லாம கொள்ளாம வூட்டுக்குப் போயிடும். ஆத்தா ஒத்தையா காட்டுல கெடக்கறப்போ இதுங்களுக்கு இங்க பாடம் ஏறாது. அப்ப வார்டனா இருந்த நிர்மலா மேடம், இதுங்க பேரை அடிச்சுடலாம்னு சொன்னாங்க. அய்யா ஒத்துக்கலை. "போகட்டும்மா. ஆனா புள்ள இப்ப எங்க இருக்குதுன்னு நமக்குத் தெரியணும். அது தெரியலைன்னா நாம காலேஜு நடத்தல, சத்திரம் நடத்தறோம்"னாரு, மூக்கால.

அதனால, இருக்கற புள்ளைக்கு ஒரு கோடு, இல்லாத புள்ளைக்கு ஒரு பெருக்கல், வூட்டுக்குப் போன புள்ளைக்கு 'வீட்டிற்குச் சென்றுள்ளார்'னு எழுதணும்னு முடிவாச்சு. சாலம்மா படிச்சது அஞ்சாவது. அவ்ளோ நீளத்துக்கு எழுத யாரால ஆவும்? 'வூ'ன்னு ஒத்தை எழுத்தைப் போட்டுட்டு விட்டாங்க. அய்யா பாத்துட்டு வயிறு குலுங்கச் சிரிச்சாரு. அப்படியே இருக்கட்டும்னுட்டாரு. ஆபீஸ்ல எல்லாரும் 'வூ'தான் போட்டாங்க. நிர்மலா மேடம் கூட.

ஆனா 'வூ' போடறது பாதி வேலைதான். புள்ள போய்ச் சேந்துட்டுதுன்னு தாக்கல் வரணும். மினி பஸ் கண்டக்டர் சொல்லுவாரு, பால் வண்டிக்காரர் சொல்லுவாரு, அடிவாரத்து டீக்கடையில இருந்து போன் வரும். வந்தாத்தான் அந்த 'வூ'வைச் சுத்தி ஒரு சுழி. மறுநாள் சாயங்காலம் வரைக்கும் சுழி விழலைன்னா, நிர்மலா மேடம் ஸ்கூட்டர்ல பின்னாடி சாலம்மாவை ஏத்திக்கிட்டுக் கெளம்பிடுவாங்க. அப்படி நாலஞ்சு தரம் போயிருக்காங்க. ஒருதரம் பஸ்ஸுல தூங்கிப்போயி சேலம் வரைக்கும் போன புள்ளைய அங்கருந்து கூட்டிட்டு வந்தாங்க.

அய்யா ரிட்டையர் ஆனாரு, அப்புறம் காலமாயிட்டாரு. நிர்மலா மேடம் திருச்சிக்குப் போயிட்டாங்க. காலேஜு கை மாறுச்சு. ஷீட்டைப் பிரிச்சு அஞ்சு மாடி ஏத்துனாங்க. வெளிய தெரியாத கருப்புக் கண்ணாடி. போர்டுல வேப்பம்பள்ளம் போயி மூணு இங்கிலீஷ் எழுத்தும் யூனிவர்சிட்டியும் வந்துச்சு. அந்த மூணு எழுத்துக்கு விரிவு என்னன்னு கேட்டா வாட்ச்மேன்லருந்து வாத்தியார் வரைக்கும் ஆளுக்கொண்ணு சொல்லுவாங்க. புதங்கெழமை கேழ்வரகுக் களி போடறது நின்னு போச்சு. வெளியாளுங்க பாக்க வந்தா மட்டும் அதே கேவுரைச் சின்னக் கிண்ணத்துல வெச்சு, மேல ஒரு புதினா இலையைக் குத்தி, மில்லட் பவுல்னாங்க. நெலம் விட்ட விவசாயிங்க பேரு பொறிச்ச கல்லு ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னாடி போச்சு.

பிரபாகர் சார் வந்தாரு. ஸ்டூடண்ட் அஃபேர்ஸ் டைரக்டர். கழுத்துல பட்டை, பட்டையில கார்டு, கார்டுல அவரே சிரிக்கற போட்டோ. நேருல சிரிக்க மாட்டாரு. அவரு பேச்சு எப்படின்னா, "லுக் சாலம்மா. பேரு கூப்புடறது, ஊரு கூப்புடறது, இதெல்லாம் ஓல்டு கல்ச்சர். நாய்ஸ். இனிமே சிஸ்டம் இருக்கு. சிஸ்டம் பாத்துக்கும்." எதைக் கேட்டாலும் கடைசியில அதைத்தான் சொல்லுவாரு. மெஸ்ஸுல தண்ணி வரலைன்னாலும் சிஸ்டம் பாத்துக்கும்.

சிஸ்டம்ங்கறது ஹாஸ்டல் வாசல்ல மாட்டுன ஒரு மிஷினு. சாயங்காலம் ஆறுலருந்து ஆறரைக்குள்ள ஒவ்வொரு புள்ளையும் கார்டைத் தேய்க்கணும். தேச்சா, ஏசி ரூமுல பொறந்து வளந்த மாதிரி ஒரு பொம்பளைக் குரலு, "வெல்கம், ஐஸ்வர்யா"ங்கும். உள்ள, வெளிய, ரெண்டே ரெண்டு. அதுக்கு 'வூ' தெரியாது. வூட்டுக்குப் போவணும்னா செல்லுல லீவு கேக்கணும், பெத்தவங்க செல்லுக்கு ஒரு நம்பர் வரும், அதை அவங்க திருப்பி அடிச்சாத்தான் லீவு. அது இல்லாம ஒரு ராத்திரி வெளிய தங்குனா ஹால் டிக்கெட் கெடையாது. வத்தல்மலையில, சித்தேரியில டவர் கெடைக்கணும்னா ஒரு பாறை மேல ஏறி ஒத்தைக் கால்ல நிக்கணும். அதுக்குள்ள அந்த நம்பர் செத்துப்போயிடும்.

மலைப் புள்ளைங்க நாப்பது பேரு. மொத அறுப்பு வந்தப்போ ஒரு புள்ள அழுதுக்கிட்டு வந்து, கார்டை சாலம்மா கையில வெச்சு, "ஆயா, நீங்க தேச்சுடறீங்களா"ன்னு கேட்டுச்சு. சாலம்மா தேச்சாங்க. தப்புன்னு அவங்களுக்குத் தோணவே இல்லை. இருபது வருசமா அந்தக் காலேஜே செஞ்சதைத்தான் அவங்க செஞ்சாங்க. மேல ஒரு கேமரா இருந்துச்சு, ஆனா அதுக்கு லைன் குடுக்கலை. காலேஜுக்கு கிரேடு போடற கமிட்டி வர்றப்பத்தான் குடுப்பாங்க. எரநூறு பக்க நோட்டு ஒண்ணை சொந்தமா வாங்கி, அதுல 'வூ' போட்டுக்கிட்டாங்க.

சுழிதான் விட்டுப்போச்சு. களவா அனுப்பற புள்ள போய்ச் சேந்துச்சான்னு யாரைக் கேக்கறது? கண்டக்டர்கிட்ட கேட்டா ஆபீஸுக்குத் தெரிஞ்சுடும். மொதல்ல ரெண்டு வாரம் விடியறதுக்குள்ளயே கேட்டுல போயி நின்னு பாத்தாங்க. அப்புறம் எல்லாப் புள்ளையும் திங்கக்கெழமை காலையில சிரிச்சுக்கிட்டே திரும்பி வந்ததுல பழகிடுச்சு.

வத்தல்மலை பிரியங்கா மூணாவது வருசம், கணக்கு. அது படிப்புல கெட்டியோ இல்லியோ, வாயில கெட்டி. பிரபாகர் சாரு மாதிரி கழுத்துப் பட்டையைத் தூக்கிப் புடிச்சு, "லுக், இந்த ரசத்துல புளி இல்லை, சிஸ்டம் பாத்துக்கும்"னு மெஸ்ஸுல பேசுனா, பரிமாறுறவங்க கரண்டியைக் கீழ போட்டுடுவாங்க. மிஷினு மாதிரி மூக்கை ஒசத்தி, "வெல்கம், சாலம்மா"ங்கும். சாலம்மா மாதிரியும் கூப்புடும். ஒருநாளு மாடியில நின்னு அந்த இழுப்போட "ஏரியூர் சாலம்மோவ்"னு கூப்புட்டுச்சு. துணி காயப்போட்டுட்டு இருந்த சாலம்மா தன்னை மறந்து "இருக்கன்"னுட்டாங்க. ஹாஸ்டலே சிரிச்சுது. மிஷினு வந்த பின்னாடி சாலம்மாவை யாரும் அந்த மாதிரி கூப்புட்டதில்லை. அவங்களும் யாரையும் கூப்புட்டதில்லை.

அந்தப் புள்ளைக்கு அப்பன் இல்லை. ஆத்தா சின்னக்கா மட்டும்தான். ஐப்பசியில சாமை முத்தி நிக்குது, மழை எறங்குனா கொட்டிப் போயிடும். வெள்ளிக்கெழமை மத்தியானம் பிரியங்கா பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு வந்து கார்டைக் குடுத்துச்சு. திங்கக்கெழமை வந்துடறன்னுச்சு. வானம் மூட்டமா இருக்குதே, நாளைக்குப் போவக் கூடாதான்னு சாலம்மா கேட்டாங்க. "ஆயா, மழையை சிஸ்டம் பாத்துக்கும்"னுட்டு ஓடிடுச்சு.

அன்னைக்குச் சாயங்காலம் நல்ல மழை. ஆறு அஞ்சுக்கு சாலம்மா தன் கையில இருந்த ஏழு கார்டோட பிரியங்கா கார்டையும் தேச்சாங்க. "வெல்கம், பிரியங்கா." சனிக்கெழமையும் தேச்சாங்க. ஞாயித்துக்கெழமையும் தேச்சாங்க. மிஷினு மூணு நாளும் ஒரே சந்தோசமா வெல்கம் சொல்லுச்சு. திங்கக்கெழமை மத்த ஏழும் வந்து கார்டை வாங்கிக்கிச்சு. பிரியங்கா வரலை. மழையில அறுப்பு தள்ளிப் போயிருக்கும்னு நெனச்சு அன்னைக்கும் தேச்சாங்க.

செவ்வாக்கெழமை பத்து மணி இருக்கும். மெயின் கேட்டுல ஒரு பொம்பளை. கையில தூக்குவாளி, தலையில சின்ன மூட்டை. கேட்டுல செக்யூரிட்டி, செல்லுல பாஸ் காட்டுன்னு கேட்டுக்கிட்டு நின்னாரு. அந்தம்மா, எங்கிட்ட செல்லு இல்லீங்க, மவ இருக்கறான்னு மூணாவது தரமா சொல்லிக்கிட்டு இருந்தாங்க. சின்னக்காவை சாலம்மாவுக்கு நல்லாத் தெரியும். தூரத்துலருந்தே பாத்தாங்க. பாத்ததும், அந்தம்மா தனியா நிக்கறது கண்ணுல பட்டுச்சு. நடை தானா வேகமாச்சு.

சின்னக்காதான் மொதல்ல பேசுனாங்க, சிரிச்சுக்கிட்டு. "லீவு தரலீங்களாக்கா? வெள்ளிக்கெழமையே வரன்னு ஆளுகிட்ட சொல்லி விட்டிருந்தா. அதான் சாமைச்சோறு ஆக்கிக்கிட்டு நானே வந்துட்டன்."

சாலம்மா கேட்டுக் கம்பியைப் புடிச்சுக்கிட்டாங்க. "புள்ள அங்க வரலியா?"

"இங்க இல்லீங்களா?"

ரெண்டு பேருக்கும் நடுவுல கம்பி. அப்புறம் சின்னக்காவோட தலையில இருந்த மூட்டை கீழ விழுந்துச்சு.

பிரபாகர் சார் ரூமுல கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டுனாரு. வெள்ளி உள்ள. சனி உள்ள. ஞாயிறு உள்ள. திங்கள், சாயங்காலம் ஆறு நாலு, உள்ள. "பாருங்கம்மா. நேத்து ஈவினிங் வரைக்கும் உங்க டாட்டர் எங்க கேம்பஸ்லதான் சேஃபா இருந்திருக்காங்க. இன்னைக்கு மார்னிங் வெளிய போயிருக்கணும்." பிரியங்கா செல்லுக்கு அடிச்சுப் பாத்தா அணைஞ்சு கெடந்துச்சு. போலீஸுக்குச் சொன்னாங்க. ஒரு ஏட்டய்யா வந்தாரு. இன்னைக்குக் காலையில பஸ் ஸ்டாண்டு கேமராவைப் பாக்கச் சொல்றன்னாரு. அப்புறம் சின்னக்காவைப் பாத்து, பொண்ணுக்குப் பழக்கவழக்கம் ஏதாச்சும் உண்டா, எந்தப் பையன்கூடவாச்சும் செல்லுல பேசுமான்னு கேட்டாரு. சின்னக்காவுக்குக் கேள்வி புரியவே ரெண்டு நிமிசம் ஆச்சு.

ஏட்டய்யா டீ குடிக்க வெளிய போனதும் சாலம்மா வாயைத் தொறந்தாங்க. "சார். அது நான் தேச்சதுங்க. புள்ள வெள்ளிக்கெழமை மத்தியானமே போயிடுச்சு."

பிரபாகர் சார் சின்னக்காவை வெளிய உக்கார வெச்சுட்டுக் கதவைச் சாத்துனாரு. கத்தலை. அவரு குரலு அன்னைக்குத்தான் மொதல் தரமா எறங்கி வந்துச்சு. எத்தனை நாளா, எத்தனை கார்டுன்னு கேட்டாரு. ரெண்டு வருசமா, நாப்பது புள்ளைங்களுக்குன்னாங்க சாலம்மா. வேளாவேளைக்கு மருந்து குடுக்கற டாக்டர் மாதிரி நிதானமாப் பேசுனாரு. வியாழக்கெழமை கமிட்டி வருது. இது வெளிய தெரிஞ்சா ரெண்டு வருசத்து ரெக்கார்டும் பொய்யின்னு ஆயிடும். நாப்பது மலைப் புள்ளைங்களுக்கும் ஹால் டிக்கெட் போயிடும், அத்தனை பேருக்கும் படிப்பு போச்சு. உங்களுக்கு ஜெயிலு. "ஒருத்திக்காக நாப்பது பேரையா? யோசிங்க. போலீஸ் தேடட்டும். எப்படியும் கெடைச்சுடுவா."

சாலம்மா வெளிய வந்தாங்க. நாப்பது பேரோட மூஞ்சியும் வரிசையா வந்துச்சு, ஊர்ப் பேரோட. அந்த நாப்பதும் வூட்டுல மொத மொத காலேஜு வாசல்ல கால் வெச்ச புள்ளைங்க. ஏதாச்சும் ஒண்ணுகூட சாமைக்காடே போதும்னு திரும்பிப் போவறதை அவங்களால நெனச்சுப் பாக்க முடியலை. பன்னண்டு மணி ஆச்சு. ஒண்ணாச்சு. தூணோரமா நின்னுக்கிட்டே இருந்தாங்க.

ரெண்டு மணி சுமாருக்கு ஏட்டய்யா திரும்பி வந்து, பஸ் ஸ்டாண்டு கேமராவுல யாரும் இல்லைன்னாரு. மலைப் பக்கம் தேட வேண்டாமான்னு சின்னக்கா கேட்டாங்க. "நேத்து சாயங்காலம் இங்க இருந்த பொண்ணை மலையில போயி ஏம்மா தேடறது? பெங்களூர் பஸ்ஸை விசாரிக்கறோம்"னாரு. சின்னக்கா தூக்குவாளியை மடியில வெச்சுக்கிட்டு, தொறக்காத அந்தச் சோத்தை ரெண்டு கையாலயும் அணைச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க.

சாலம்மா தன் ரூமுக்குப் போனாங்க. டிரங்குப் பெட்டியில துணிக்கு அடியில இருந்த நோட்டை எடுத்தாங்க. வந்து ஏட்டய்யா முன்னாடி மேசை மேல விரிச்சு, அந்த வரியில வெரலை வெச்சாங்க. அவரு படிச்சாரு. "வத்தல்மலை பிரியங்கா, வெள்ளி, வூ. என்னாது இது வூ?"

சாலம்மா சொன்னாங்க. எல்லாத்தையும் சொன்னாங்க. சுழியையும் சொன்னாங்க. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிரபாகர் சார் யார்கிட்டயோ போன்ல பேசிக்கிட்டு இருந்தாரு.

அதுக்கப்புறம் எல்லாம் சீக்கிரம் நடந்துச்சு. நாலு மணிக்கு ஜீப்பு அடிவாரத்துக்குப் போச்சு. டீக்கடைக்காரர், வெள்ளிக்கெழமை மழையில ரோட்டுல பாறை உருண்டு பஸ்ஸு மேல போவலைன்னாரு. முதுகுல பையோட ஒரு புள்ள, பழைய ஒத்தையடிப் பாதையில நடந்தே ஏறிடறன்னு சொல்லிட்டுப் போச்சுன்னாரு. யாருமே கேக்க வரலை, அதனால போய்ச் சேந்திருக்கும்னு இருந்துட்டாராம்.

பொறவு மலை ஆளுங்களே எறங்கித் தேடுனாங்க. புதங்கெழமை காலையில ரெண்டாவது திருப்பத்துக்குக் கீழ, பள்ளத்துல பாத்தாங்க. கால் எலும்பு முறிஞ்சிருந்துச்சு. விழுந்த எடத்துலருந்து ஊத்துத் தண்ணி வரைக்கும் கையாலயே இழுத்துக்கிட்டு வந்திருக்குது. பாட்டில்ல தண்ணி புடிச்சு வெச்சிருந்துச்சு. தர்மபுரி ஆஸ்பத்திரியில அறுத்துப் பாத்த டாக்டர், ஞாயித்துக்கெழமை ராத்திரி வரைக்குமாச்சும் உசுரு இருந்திருக்கும்னாரு.

சனிக்கெழமை சாயங்காலம் ஆறு மணிக்கு இருந்திருக்குது. ஞாயித்துக்கெழமை ஆறு மணிக்கும் இருந்திருக்குது. இதை யாரும் சாலம்மாகிட்ட சொல்லத் தேவைப்படலை. வெல்கம், பிரியங்கா.

கமிட்டி வியாழக்கெழமை வந்துச்சு. கேமராவுக்கு லைன் குடுத்தாங்க. மில்லட் பவுல் வெச்சாங்க. நல்ல கிரேடுன்னு கேட்டுல பேனர் கட்டுனாங்க. பிரியங்கா போட்டோவுக்குக் கீழ இங்கிலீஷ்ல நாலு வரி எழுதி ஒருநாளு வெச்சிருந்து எடுத்துட்டாங்க. கார்டு மிஷினைக் கழட்டிட்டு வெரல் வெக்கற மிஷினை மாட்டுனாங்க. இதுக்குமேல யாரும் யாருக்காகவும் தேய்க்க முடியாது. அதுக்கும் 'வூ' தெரியாது. நாப்பதுல முப்பத்தொரு புள்ளைங்களுக்கு ஹால் டிக்கெட் வரலை. அதுல பாதி திரும்ப வரவே இல்லை.

சாலம்மாவை நோட்டைக் காட்டுன அன்னைக்கே வேலையை விட்டு நிறுத்திட்டாங்க. கேஸும் போட்டாங்க. மொரப்பூர்ல மவ வூட்டுல இருக்காங்க. பேசறதில்லை. பேரனைக்கூட பேரு சொல்லிக் கூப்புடறதில்லை, கையைத் தட்டித்தான் கூப்புடறாங்க.

பதினாறாம் நாளு காரியத்துக்கு மலைக்குப் போனாங்க. மவ போவாதன்னா. அடிச்சே போட்டாலும் சரின்னு போனாங்க. பழைய பாதையிலதான் ஏறுனாங்க. மேல யாரும் அடிக்கலை. யாரும் வாங்கன்னும் கூப்புடலை. சின்னக்கா களத்துல உக்காந்து, கொட்டிப் போனது போக மிச்சச் சாமையைப் பொடைச்சுக்கிட்டு இருந்தாங்க. முறத்தைக் கீழ வெக்காமத்தான் பேசுனாங்க.

"நோட்டுல என்னமோ எழுதிருக்கீங்களாமே. ஏட்டய்யா சொன்னாரு. என் புள்ள வரியைச் சொல்லுங்க."

சாலம்மா சொன்னாங்க. "வத்தல்மலை பிரியங்கா. வெள்ளி. வூ."

"வூன்னா வூட்டுக்குப் போயிருக்குதுன்னுதான?"

"ஆமா."

முறம் நாலு தரம் ஏறி எறங்குச்சு. "வந்து சேந்துட்டா சுழி போடுவீங்களாம்."

சாலம்மா தலையை ஆட்டுனாங்க.

"தூக்கிக்கிட்டு வந்துதான் சேத்தாங்க. ஆனா சேத்துட்டாங்க. போட்டுடுங்க."

அவ்ளோதான் சின்னக்கா சொன்னது. திட்டலை. சாலம்மா எறங்கி வர்றப்போ திட்டியிருந்தா தேவலைன்னு இருந்துச்சு.

மறுநாளே ஸ்டேஷனுக்குப் போயி, அந்த நோட்டைக் கொஞ்சம் காட்டுங்கன்னு கேட்டாங்க. ஒரே ஒரு சுழி, ஒரு வரிக்கு மட்டும்னாங்க. ரைட்டர் நல்ல மனுசன்தான். காட்டுனாரு, பிளாஸ்டிக் கவருக்குள்ள, அரக்கு முத்திரையோட. "கோர்ட்டு சொத்து ஆயா. எவிடென்ஸ்ல கை வெக்கக் கூடாது"ன்னாரு. கேஸு முடியட்டும்னாரு. வாய்தாவுக்கு வாய்தா சாலம்மா மொரப்பூர்லருந்து வந்து, காதுல சொருவுன பேனாவோட, ரைட்டர் மேசைக்கு எதுக்க நிக்கறாங்க. அவரும் ஒவ்வொரு தரமும் அதையே சொல்றாரு.

அந்த வரியில இன்னும் 'வூ' மட்டும்தான் இருக்குது.